ஒரு பானைச் சோறும் 38 மேட்சும்: பிரீமியர் லீக்கின் முதல் வாரத்தை எப்படிப் பார்ப்பது

ஒவ்வொரு ஆகஸ்டிலும் இது நடக்கிறது. மே மாதத்தோடு முடிந்துபோன பிரீமியர் லீக் இரண்டரை மாதம் கழித்துத் திரும்பி வருகிறது, சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு ஆசையாக டிவி முன்னால் உட்காருகிறோம், மேட்ச் முடிந்த பத்தாவது நிமிஷம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "கப் நமக்குத்தான், எழுதி வச்சுக்கோங்க" என்கிறார், இன்னொருவர் "மேனேஜரை இப்பவே அனுப்பிடணும்" என்கிறார். புதிதாக கால்பந்து பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். ஒரே ஒரு வாரம்தானே ஆகியிருக்கிறது, இதில் எதை நம்புவது, எதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுவது என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். கேட்டவர்களுக்காகத்தான் இது.

நான் ஆர்சனல் ரசிகன். என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 2021 ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. நம் ஊர் நேரப்படி நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரைக்கு மேட்ச். எதிரணி பிரென்ட்ஃபோர்ட், 74 வருஷம் கழித்து இங்கிலாந்தின் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்திருந்த அணி. 2-0 என்று தோற்றோம். இரண்டாவது கோல் ஓரக்கோட்டிலிருந்து கையால் எறிந்த ஒரு நீளமான த்ரோவிலிருந்து வந்தது, பந்து எங்கள் கோல் வாசலில் எல்லாரையும் தாண்டிப் போக, பிரென்ட்ஃபோர்டின் நோர்கார்ட் தலையால் தட்டி உள்ளே விட்டார். அடுத்து செல்சியிடம் 0-2, அப்புறம் மான்செஸ்டர் சிட்டியிடம் 0-5. மூன்று மேட்ச், பூஜ்ஜியம் புள்ளி, அடித்த கோல் பூஜ்ஜியம், வாங்கிய கோல் ஒன்பது, 20 அணிகளில் 20ஆவது இடம். அதே நேரம் எங்கள் பரம வைரி டாட்டன்ஹாம் மூன்று மேட்சையும் 1-0, 1-0, 1-0 என்று ஜெயித்து அட்டவணையில் முதலிடம். அவர்கள் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், நூனோ எஸ்பிரிடோ சாண்டோவுக்கு ஆகஸ்ட் மாதத்தின் சிறந்த மேனேஜர் விருது வேறு.

அடுத்த மே மாதம் என்ன ஆனது? டாட்டன்ஹாம் 71 புள்ளியோடு நான்காம் இடம், ஆர்சனல் 69 புள்ளியோடு ஐந்தாம் இடம். உச்சிக்கும் அடிக்கும் நடுவில் கடைசியில் இருந்த தூரம் இரண்டே புள்ளி. விருது வாங்கிய நூனோ அதைப் பார்க்க அங்கே இல்லை, நவம்பர் 1ஆம் தேதியே அவரை அனுப்பிவிட்டார்கள்.

சரி, இது ஏன் இப்படி ஆகிறது?

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று சொல்வோம் இல்லையா, அந்தப் பழமொழி உண்மையில் ஒரு கணக்குப் பாடம். முழுப் பானையையும் கொட்டிப் பார்க்க வேண்டியதில்லை, கரண்டியில் ரெண்டு பருக்கை எடுத்து நசுக்கினால் போதும், மீதியைச் சொல்லிவிடலாம். புள்ளியியலில் மாதிரி எடுப்பது என்பது இதுதான். ஆனால் இது ஏன் சோற்றுக்குச் சரியாக வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பானையில் இருப்பதெல்லாம் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ, ஒரே நேரம். அதனால் ஒரு பருக்கை வெந்திருந்தால் பக்கத்துப் பருக்கையும் வெந்திருக்கும். புது அரிசியையும் பழைய அரிசியையும் கலந்து உலையில் போட்டுவிட்டு ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள், ஒன்றும் சொல்ல முடியாது, புதுசு குழைந்திருக்கும், பழசு நடுவில் வேகாமல் நிற்கும்.

பிரீமியர் லீக் சீசன் அந்தக் கலந்த அரிசிதான். ஒரு அணிக்கு 38 மேட்ச். 19 எதிரணிகள், ஒவ்வொன்றோடும் சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியூரில் ஒன்று. ஆகஸ்ட் வெயிலில் ஆடுவது வேறு, டிசம்பர் கடைசியில் ரெண்டு மூன்று நாளைக்கு ஒரு மேட்ச் என்று ஆடுவது வேறு. 38இல் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்து மீதி 37ஐச் சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமான காரணம் கோலின் எண்ணிக்கை. கால்பந்தில் கோல் அரிது. கிரிக்கெட்டில் ஒரு அணி 180 ரன் அடிக்கிறது என்றால் அது நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகளில் சேர்ந்து வந்த எண். கால்பந்தில் ரெண்டு அணிக்கும் சேர்த்து மேட்சுக்கு மூன்று கோல் வந்தால் நிறைய. 2023-24 சீசனில் 380 மேட்சில் 1246 கோல் விழுந்தன, 20 அணிகள் ஆடும் காலத்தில் அதுவரை யாரும் பார்க்காத எண்ணிக்கை அது, அப்போதும் மேட்சுக்கு 3.28தான்.

இப்போது ஒரு காசை எடுத்துப் பூவா தலையா போடுங்கள். மூன்று தடவை சுண்டினால் மூன்றும் ஒரே பக்கமாக விழுவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதாவது, துளிகூட வித்தியாசம் இல்லாத ரெண்டு அணிகள் ஆடி, மூன்று கோல் விழுந்து, ஒவ்வொரு கோலும் யாருக்கு என்பதைக் காசு தீர்மானித்தால்கூட, நான்கு மேட்சுக்கு ஒன்று 3-0 என்று முடியும். அந்த 3-0ஐப் பார்த்துவிட்டு நாம் ராத்திரி முழுக்க "ஒரு அணி இன்னொன்றை நசுக்கிவிட்டது" என்று பேசிக்கொண்டிருப்போம். நிஜ மேட்ச் காசு இல்லை, திறமை கண்டிப்பாக இருக்கிறது, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் மூன்றே கோலில் திறமை எவ்வளவு, காசு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான் விஷயம்.

இதற்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல உதாரணம் 2019 ஆகஸ்ட் 11. மான்செஸ்டர் யுனைடெட் 4, செல்சி 0. ஃபிராங்க் லாம்பார்ட் செல்சி மேனேஜராக ஆடிய முதல் லீக் மேட்ச். ஸ்கோரை மட்டும் கேட்டவர்கள் செல்சியின் சீசன் முடிந்தது என்றார்கள். மேட்சைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தொடக்கத்திலேயே செல்சியின் டாமி ஆபிரகாம் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, 1-0 என்று இருந்தபோது அதே அணியின் எமர்சன் அடித்ததும் சட்டத்தில் பட்டது. ஒரு சாண் உள்ளே போயிருந்தால் கதையே வேறு. அந்த சீசன் முடிவில் யுனைடெட் எடுத்தது 66 புள்ளி. செல்சி எடுத்ததும் 66 புள்ளி. அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசத்தில் யுனைடெட் மூன்றாம் இடம், செல்சி நான்காம் இடம்.

இன்னும் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் நடப்பு சாம்பியன் லெஸ்டரை முதல் மேட்சிலேயே ஹல் சிட்டி 2-1 என்று தோற்கடித்தது. அப்போது ஹல்லுக்கு நிரந்தர மேனேஜர் கிடையாது, ஸ்டீவ் புரூஸ் ஜூலையில்தான் விலகியிருந்தார், ஆடத் தகுதியான சீனியர் வீரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுத்த மேட்சும் ஜெயித்தார்கள். மே மாதம் ஹல் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. 2021இல் மான்செஸ்டர் சிட்டி முதல் மேட்சில் டாட்டன்ஹாமிடம் 1-0 என்று தோற்றது, கடைசியில் 93 புள்ளியோடு லிவர்பூலை ஒரே புள்ளியில் முந்தி கப்பை எடுத்தது. 2022இல் மான்செஸ்டர் யுனைடெட் சொந்த மைதானத்தில் பிரைட்டனிடம் 1-2, அடுத்த வாரம் பிரென்ட்ஃபோர்டிடம் 0-4, அட்டவணையில் கடைசி இடம். முடித்தது மூன்றாவதாக.

ஸ்கோரை நம்ப முடியாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? இங்கேதான் எக்ஸ்ஜி என்ற எண் வருகிறது, டிவியில் மேட்ச் நடுவில் ஓரமாகக் காட்டுகிறார்களே, அது. தமிழில் எதிர்பார்க்கப்படும் கோல் என்று சொல்லலாம். பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கோலை நோக்கி ஒருவர் அடிக்கிறார், அதே இடத்திலிருந்து, அதே கோணத்தில், காலாலோ தலையாலோ, முன்பு ஆயிரக்கணக்கானவர்கள் அடித்திருக்கிறார்கள், அவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் கோல் போட்டார்கள்? அதுதான் அந்த ஷாட்டின் மதிப்பு. பெனால்டி என்றால் முக்கால் கோலுக்குச் சற்று மேல், ஏனென்றால் நாலில் மூன்று பெனால்டிக்குக் குறையாமல் உள்ளே போகிறது. 30 மீட்டர் தொலைவிலிருந்து அடித்தால் நூறில் ரெண்டு மூன்றுதான் போகும், அதனால் 0.02, 0.03. ஒரு அணி அடித்த எல்லா ஷாட்டின் மதிப்பையும் கூட்டினால் அந்த அணியின் எக்ஸ்ஜி. உள்ளே போனதோ, கம்பத்தில் பட்டதோ, கோல்கீப்பர் பாய்ந்து தட்டியதோ, அது கணக்கில் வராது. எவ்வளவு நல்ல வாய்ப்பை உருவாக்கினார்கள் என்பது மட்டும்தான் வரும்.

ஸ்கோரைவிட இது கொஞ்சம் நேர்மையானது, ஏனென்றால் மேட்சுக்கு மூன்று கோல்தான் என்றாலும் ஷாட் இருபது இருபத்தைந்து இருக்கும். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், குறிப்பாக ஒரே மேட்சில். பத்தாவது நிமிஷத்தில் ஒரு அணி கோல் போட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மெதுவாகப் பின்வாங்கி தன் வாசலைக் காக்கத் தொடங்கும், பின்தங்கிய அணி வேறு வழியில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கும், கடைசியில் தோற்ற அணியின் எக்ஸ்ஜி பெரிதாகத் தெரியும். "நாங்கதான் நல்லா ஆடினோம், எண்ணைப் பாருங்க" என்று சண்டை போடுவார்கள். ஸ்கோர் என்னவாக இருந்தபோது அந்த ஷாட்டுகள் வந்தன என்று பார்க்காமல் அந்த வாதத்தை நான் ஏற்பதில்லை. சிவப்பு அட்டை விழுந்த மேட்ச் என்றால் எண்ணையே பார்க்க வேண்டாம், பத்துப் பேரோடு ஆடுவது வேறு ஆட்டம்.

எதிரணி யார் என்பதும் இருக்கிறது. 2019இல் லிவர்பூல் முதல் மேட்சில் நார்விச்சை 4-1 என்று வென்றது, நார்விச் அந்த சீசனை 21 புள்ளியோடு கடைசி இடத்தில் முடித்தது. அந்த நாலு கோலுக்கு எவ்வளவு மரியாதை தருவது என்பது மே மாதம்தான் தெரியும்.

முதல் வாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், நாம் பார்ப்பது முழு அணியை அல்ல. லீக் ஆகஸ்ட் நடுவில் தொடங்குகிறது, வீரர்களை வாங்கி விற்கும் கடை, அதாவது டிரான்ஸ்ஃபர் விண்டோ, ஆகஸ்ட் கடைசி வரைக்கும் திறந்தே இருக்கிறது. பிரென்ட்ஃபோர்டிடம் தோற்ற அந்த ராத்திரி எங்கள் கோல்கீப்பர் லெனோ, வலது பக்க டிஃபெண்டர் சேம்பர்ஸ். புது கோல்கீப்பர் ராம்ஸ்டேல் வந்தது அதற்கு ஒரு வாரம் கழித்து. ஓடெகார்டை நிரந்தரமாக வாங்கியதும் அதே நாள்தான். புது வலது பக்க டிஃபெண்டர் டோமியாசு வந்தது ஆகஸ்ட் 31, கடை மூடும் நாளில். செப்டம்பர் 11இல் ராம்ஸ்டேலும் டோமியாசுவும் முதல் தடவை இறங்கிய லீக் மேட்சில்தான் நார்விச்சை 1-0 என்று வென்று எங்கள் முதல் புள்ளிகளை எடுத்தோம். அதோடு, அந்த வருஷம் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையின் இறுதிப் போட்டி ஜூலை 11இல் நடந்தது. அதில் பெனால்டியைத் தவறவிட்டு மனசு உடைந்துபோன எங்கள் 19 வயது சாகாவுக்கு ஓய்வு கிடைத்ததே சில வாரம்தான், பிரென்ட்ஃபோர்டில் பதிலி ஆட்டக்காரராகத்தான் இறங்கினார். இத்தனையையும் அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

இதுவரை எதை நம்பக்கூடாது என்று சொன்னேன். அப்படியானால் முதல் வாரம் வீணா? இல்லவே இல்லை. எனக்கு சீசனிலேயே மிகவும் பிடித்த வாரம் இதுதான், அதற்குக் காரணம் இருக்கிறது.

பானைக்கே திரும்புவோம். ஒரு மேட்சில் மூன்று தடவை நடப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது, சரி. ஆனால் அதே தொண்ணூறு நிமிஷத்தில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கும் விஷயங்களும் இருக்கின்றன. ஒரு அணி நானூறு ஐந்நூறு பாஸ் போடுகிறது. பந்து கையில் இருக்கும்போது ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்பது ஓயாமல் கண்ணில் படுகிறது. பந்தை இழந்த அடுத்த மூன்று வினாடி என்ன செய்கிறார்கள் என்பது நாற்பது ஐம்பது தடவை நடக்கிறது. மூன்று தடவை சுண்டினால் மூன்றும் தலை விழலாம், ஐந்நூறு தடவை சுண்டினால் ஐந்நூறும் தலை விழாது. மேட்சில் அடிக்கடி நடப்பது எதுவோ அதுதான் நசுக்கிப் பார்க்க வேண்டிய பருக்கை.

2022 ஆகஸ்ட் 5, மறுபடியும் வெள்ளிக்கிழமை நள்ளிரவு, கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் ஆர்சனல். 2-0 என்று ஜெயித்தோம். ஸ்கோர் எளிதாகத் தெரிகிறது, ஆனால் இரண்டாம் பாதி தொடக்கத்தில் பேலஸின் எசே தனியாக வந்து அடித்ததை ராம்ஸ்டேல் தடுத்திருக்காவிட்டால் 1-1. எங்கள் இரண்டாவது கோலும் எதிரணி டிஃபெண்டர் குவேஹி மேல் பட்டு உள்ளே போனதுதான். அதனால் அந்த 2-0 எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது ஜின்சென்கோ. பெயருக்கு லெஃப்ட் பேக், அதாவது இடது ஓர டிஃபெண்டர், ஆனால் எங்கள் அணி பந்தை வைத்திருக்கும்போதெல்லாம் ஓரத்தை விட்டு நடு மிட்ஃபீல்டுக்கு வந்து நின்றார். ஒரு தடவை ரெண்டு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. அவர் உள்ளே வந்ததும் பேலஸ் வீரர் ஒருவர் அவரைப் பின்தொடர வேண்டியிருந்தது, அந்த இடைவெளியில் எங்கள் இடது முன்வரிசை வீரர் மார்ட்டினெல்லிக்கு ஓரம் திறந்தது. இது பயிற்சி மைதானத்தில் வாரக்கணக்கில் பழகிய விஷயம் என்று பார்த்த உடனே புரிந்தது, அதிர்ஷ்டத்தில் யாரும் இருபது தடவை ஒரே இடத்தில் போய் நிற்பதில்லை.

கூடவே டிஃபெண்டர் சாலிபா. 2019இலேயே வாங்கிவிட்டு மூன்று தடவை பிரான்சுக்குக் கடனாக அனுப்பப்பட்ட பையன், 21 வயதில் அன்றுதான் ஆர்சனலுக்காக முதல் லீக் மேட்ச். பதற்றமே இல்லை. பந்தை வாங்குகிறார், தலை தூக்கிப் பார்க்கிறார், சரியான ஆளிடம் கொடுக்கிறார், மறுபடி அதையே செய்கிறார். இந்த ரெண்டும் அந்த சீசனில் மார்ச் வரைக்கும் தொடர்ந்தது. ஆர்சனல் 84 புள்ளி எடுத்து இரண்டாம் இடத்தில் முடித்தது. மார்ச்சில் சாலிபா முதுகுக் காயத்தோடு வெளியே போன பிறகுதான் எங்கள் பிடி தளர்ந்தது, அதை இன்றைக்கும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே முதல் வார மேட்சைப் பார்க்கும்போது, பந்தைத் தொடர்வதைப் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பாருங்கள் என்பேன். கோல்கிக், அதாவது கோல் வாசலிலிருந்து பந்தை மறுபடி ஆட்டத்துக்குள் அடிப்பதை, எடுக்கும்போது டிஃபெண்டர்கள் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் நிற்கிறார்களா, அல்லது எல்லாரும் மேலே ஏறி நீளமாக அடிக்கக் காத்திருக்கிறார்களா. கடைசி வரிசை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறதா, தன் பெட்டிக்குப் பக்கத்திலா. பந்து போனதும் முன்வரிசை துரத்துகிறதா, திரும்பி ஓடுகிறதா. போன சீசனில் இல்லாத ஒன்று இந்த வாரம் பத்துத் தடவை நடந்தால், அது மேனேஜர் எடுத்த முடிவு, அடுத்த மாதமும் இருக்கும். நிஜ வீரர்களை வைத்துத் தன் அணியை அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஃபேன்டஸி விளையாட்டை ஆடுபவர்களுக்கும் இதே கணக்குதான். முதல் வாரம் ரெண்டு கோல் அடித்தவரைப் பிடிக்க ஓடாதீர்கள், பெனால்டி யார் எடுக்கிறார், கார்னர் யார் எடுக்கிறார், யார் முழுத் தொண்ணூறு நிமிஷம் ஆடினார் என்று குறித்து வையுங்கள். நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும், 2012இல் ஸ்வான்சியின் மிச்சு முதல் மேட்சில் ரெண்டு கோல் அடித்தார், அன்று ஓடிப் பிடித்தவர்கள்தான் ஜெயித்தார்கள், அவர் அந்த லீக் சீசனை 18 கோலோடு முடித்தார். 2015இல் முதல் நாள் சண்டர்லேண்டை 4-2 என்று அடித்த லெஸ்டர் கப்பையே எடுத்தது. முதல் வாரம் சில சமயம் உண்மையைச் சொல்கிறது. எந்த வருஷம் சொல்கிறது என்பதை ஸ்கோர் பலகை காட்டிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ரசிகர்கள் அவசரப்பட்டால் ஒரு ராத்திரித் தூக்கம் போகும். கிளப்பை நடத்துபவர்கள் அவசரப்பட்டால் ஒருவரின் வேலை போகிறது, அதுதான் எனக்குக் கோபம். 2017இல் கிரிஸ்டல் பேலஸ் ஃபிராங்க் டி போயரை நாலே லீக் மேட்சில் அனுப்பியது. நாலிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, உண்மைதான். ஆனால் அவருக்குப் பிறகு ராய் ஹாட்ஜ்சன் வந்த பின்னும் அடுத்த மூன்று மேட்சை கோல் இல்லாமல்தான் தோற்றார்கள். ஹாட்ஜ்சனுக்குக் கொடுத்த பொறுமையில் பேலஸ் 44 புள்ளியோடு 11ஆவதாக முடித்தது. அந்தப் பொறுமையில் பாதியை முதல் ஆளுக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நாலு மேட்ச் என்பது ஒருவரை எடைபோடும் அளவு அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எத்தனை மேட்சுக்குப் பிறகு அட்டவணையை நம்பலாம் என்று கேட்டால், நான் பத்து வரைக்கும் காத்திருப்பேன். அதற்குள் பலமான அணி, பலவீனமான அணி, உள்ளூர், வெளியூர் எல்லாம் ஓரளவு கலந்து வந்துவிடும், டிரான்ஸ்ஃபர் கடையும் மூடியிருக்கும்.

சீசன் சின்னதாக இருந்தால் இந்தக் கணக்கு மாறுமா என்றும் ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி. 2015இல் நம் இந்தியன் சூப்பர் லீக்கில் ஒரு அணிக்கு 14 லீக் மேட்ச்தான், ஒவ்வொன்றின் கனமும் கூடுதல். அந்த சீசனின் முதல் மேட்ச் அக்டோபர் 3, சென்னை நேரு ஸ்டேடியம். சென்னையின் எஃப்சி 2-3 என்று கொல்கத்தாவிடம் தோற்றது. ரெண்டு கோல் அடித்த ஹெல்டர் போஸ்டிகாதான் அந்த ராத்திரியின் நாயகன், அதே மேட்சில் காயம்பட்டு வெளியேறினார். சென்னை அட்டவணையின் அடிவரைக்கும் போய், வரிசையாக ஜெயித்து மேலே ஏறி, ஊரே வெள்ளத்தில் இருந்ததால் அரையிறுதியின் சொந்த மைதான மேட்சைப் புனேயில் ஆடி, முதல் நாள் தங்களைத் தோற்கடித்த அதே கொல்கத்தாவை வெளியேற்றியது. டிசம்பர் 20, கோவாவில் இறுதிப் போட்டி, 90ஆவது நிமிஷம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கியிருந்தார்கள், கோவா கோல்கீப்பர் கை பட்டு ஒன்று உள்ளே போய் 2-2 ஆனது, 90 நிமிஷத்துக்கு மேல் சேர்த்த இஞ்சுரி டைமில் சென்னையின் மென்டோசா அடித்தார், 3-2.